கயிறு கட்டிய புல்

இதுவா? வெறுங்கூடைதான் அம்மாடி. உன் காலில் இடிக்கிறதா, இரு, இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். கரூரில் வாங்கினேன், இரண்டு. வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு யாராவது பஸ் ஏறுவார்களா என்று என் மகள்கூடச் சிரித்தாள். வேண்டுதல் கூடை, சிரிக்கக் கூடாது என்றேன். வியாழக்கிழமை சங்கடஹர சதுர்த்தி. அன்றைக்கு இரண்டும் நிறைய வேண்டும்.

நீ திருச்சிதானே? நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும். இப்போதுதான் மாயனூர் வருகிறது, நேரம் இருக்கிறது. உனக்குத் தூக்கம் வந்தால் தூங்கு. நான் பேசினால் யாருக்கும் தொந்தரவு இருக்காது, மெல்லத்தான் பேசுவேன்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். நாற்பது நாள் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன். பையன். மூக்கு எங்கள் வீட்டுக்காரர் மூக்கு. அதை விடு. நான் சொல்ல வந்தது கூடையைப் பற்றி.

நான் ஒரு கிளப்பில் வேலை பார்க்கிறேன். கிளப் என்றதும் ஒரு மாதிரிப் பார்க்காதே. பாட்டில் எல்லாம் அந்தப் பக்கம் கட்டடத்துக்குள்ளே. நான் வெளியே, புல்லில். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட டென்னிஸ் கோர்ட்டு நாலு இருக்கிறது, நாலும் புல் தரை. சிமெண்டு இல்லை, மண் இல்லை, புல். அதில் கோரை முளைக்கும், களை முளைக்கும். சின்ன இரும்புக் குச்சி வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கெல்லி எடுக்க வேண்டும். நானும் பட்டம்மா என்று இன்னொருத்தியும். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் எந்தப் புல் இருக்க வேண்டும், எந்தப் புல் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

அந்தக் கோர்ட்டில் இருக்கிற புல் என்ன புல் தெரியுமா? அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல்தான். கிளப்பில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு கோர்ட்டு நிறைய அருகம்புல், அதன் மேலே நின்றுகொண்டு பந்தடிக்கிறார்கள். அன்றைக்கே மனசில் நினைத்துக்கொண்டேன், தையல்நாயகி, உன்னை இங்கே கொண்டுவந்து விட்டவர் பிள்ளையார்தான் என்று. என் பெயர் தையல்நாயகி.

அதற்கேற்ற மாதிரி பம்புசெட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையாரும் இருக்கிறார். சின்னவர்தான், முழங்கால் உயரம். நான் போவதற்கு முன்னால் அவருக்கு விளக்குகூட இல்லை. இப்போது தினமும் விளக்கு, தினமும் இருபத்தோரு அருகம்புல், சதுர்த்திக்குச் சுண்டல். சுண்டலை செக்ரட்டரி சார் மேஜை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் பெயர் விஸ்வேஸ்வரன், பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தவர். யாரைப் பார்த்தாலும் குரைப்பார், என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார்.

கிளப் பொருள் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போனது கிடையாது. மாமரம் இருக்கிறது, கீழே விழுந்த பழத்தைக்கூடத் தொடமாட்டேன். பட்டம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு போவாள். அவளுக்காகவும் வேண்டிக்கொள்வேன்.

இந்த வருஷம் கிளப்புக்கு நூறாவது வருஷம். தை மாசம் பெரிய போட்டி, வருகிற வெள்ளிக்கிழமை ஆரம்பம். டெல்லி, கல்கத்தா என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள். அதற்காக ஒன்றாம் நம்பர் கோர்ட்டைச் சரி பண்ணச் சொன்னார்கள். ஆட்டக்காரர்கள் கடைசிக் கோட்டில் நின்று நின்று தெற்குப் பக்கம் தேய்ந்துபோயிருந்தது. புரட்டாசியில் அகோரம் அதைக் கொத்திப் போட்டான்.

அகோரம் யார் என்று சொல்லவில்லையே. தண்ணீர் பாய்ச்சுகிறவன், ரோலர் இழுக்கிறவன், கோடு போடுகிறவன், எல்லாம் அவன்தான். சீர்காழிப் பக்கத்து ஆள். கிளப்புக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் பெண்டாட்டியோடும் ஒரே மகளோடும் இருக்கிறான். அந்தப் பெண் செண்பகம் ஒன்பதாவது படிக்கிறாள். என்னை அக்கா அக்கா என்பான். என் கூடப் பிறந்தவன்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

மண்ணைக் கொத்தி, ஆற்று வண்டல் போட்டு, விரல் நீளம் விரல் நீளமாக அருகு வெட்டி, நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொன்றாக நட்டான். நாலு நாள் முதுகு நிமிரவில்லை. நட்டுவிட்டு நாலு பக்கமும் குச்சி அடித்துக் கயிறு கட்டினான். "அக்கா, இதுக்குள்ள ஒரு காலும் படக்கூடாது. செக்ரட்டரியே வந்தாலும் விடாதீங்க" என்றான்.

ஒரு காலும் படக்கூடாது. அந்த வார்த்தை என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. யோசித்துப் பார். இருபத்திரண்டு வருஷமாக நான் பிள்ளையாருக்கு வைத்த புல் எல்லாம் யாரோ ஷூவில் மிதித்த புல்தானே. கடையில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அது எந்த வாய்க்கால் ஓரமோ, எந்த நாய் காலைத் தூக்கியதோ. இங்கேயோ கிணற்றுத் தண்ணீர், புது வண்டல், சுற்றிலும் கயிறு. இதைவிடச் சுத்தமான அருகம்புல் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. துளிர் வந்த அன்றைக்கே நினைத்தேன், இது அவருக்கென்றே வளர்கிறது என்று.

நான் உள்ளே கால் வைக்கவில்லை. அகோரத்துக்குச் சொன்ன சொல் சொல்தான். கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து கையை மட்டும் நீட்டிப் பறித்துக்கொள்வேன். மூன்று இலை விரிந்த இளம் நுனியாகப் பார்த்து, இருபத்தொன்று. வெடுக்கென்று கிள்ளக் கூடாது, அடியிலிருந்து மெல்ல இழுத்தால் கணுவோடு வரும், அப்போதுதான் சாயங்காலம் வரை வாடாமல் இருக்கும்.

ஐப்பசி கடைசியில் அந்த இடத்தில் ஒரு சொட்டை விழுந்தது.

உள்ளங்கை அகலம்தான் முதலில். அகோரம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "தண்ணி சரியாத்தான பாய்ச்சினேன். எரு சரியாத்தான போட்டேன். ஏன்க்கா இப்படி?" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூறாவது வருஷம், முதல் கோர்ட்டு, இவன் கையால் நட்டது. செக்ரட்டரி சும்மா விடுவாரா? "கவலைப்படாத தம்பி, பிள்ளையார்கிட்ட சொல்றேன்" என்றேன். அன்றையிலிருந்து இருபத்தொன்றை நூற்றெட்டு ஆக்கினேன்.

சொட்டை தட்டு அகலம் ஆயிற்று.

சோதனை கொடுக்கிறார், நாம் விடக் கூடாது. நூற்றெட்டை இரண்டு வேளை ஆக்கினேன். காலையில் ஒன்று, வேலை முடிந்து போகும்போது ஒன்று. முறம் அகலம் ஆயிற்று.

அப்போது பட்டம்மா ஒரு வார்த்தை சொன்னாள். களை எடுத்துக்கொண்டே இருந்தவள், தலையைத் தூக்காமல், "ஏன்க்கா, நீங்க குந்துற எடத்துக்கு நேராதான் சொட்டை விழுவுது, பாத்தீங்களா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் கோபப்படவில்லை. "பட்டம்மா, சொட்டைக்கு நேரா உட்கார்ந்துதானே வேண்டிக்கணும்? வயித்து வலிக்கு முழங்கால்லயா தைலம் தேய்ப்பாங்க?" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "நல்லா தேய்ங்க" என்றாள். சாமி விஷயத்தில் சில பேருக்கு அப்படித்தான், ஒரு கல் இடறிக்கொண்டே இருக்கும். அவளுக்காக அன்றைக்குத் தனியாகப் பதினோரு புல் வைத்தேன்.

குளித்தலையா இது? பார்த்தாயா, பேச்சில் தெரியவில்லை.

பிறகு புல் டாக்டர் ஒருத்தரைக் கூட்டிவந்தார்கள். விவசாயம் படித்தவர், சின்ன வயசு, கழுத்தில் பூதக்கண்ணாடி. குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார். மண்ணைத் தோண்டிப் பொட்டலம் கட்டினார். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, வேர்ப்புழு இல்லை என்றார். அவருக்கும் பிரசாதம் கொடுத்தேன், சுண்டலும் நாலு அருகம்புல்லும். மனுஷன் சுண்டலை விட்டுவிட்டுப் புல்லைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்.

"அடேயப்பா, இது எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு. எங்கம்மா கிடைச்சுது?" என்றார்.

"சாமி புல் சார்" என்றேன்.

அவர் செக்ரட்டரியிடம் திரும்பி, "சார், இந்த மாதிரிப் புல்லை நீங்க அங்க நடணும்" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அகோரம் நட்ட புல் அது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போக வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் போகிறபோது அவர் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். "நோய் எதுவும் இல்ல. நுனிய எதுவோ இழுத்துத் தின்னுருக்கு. ஆடு மாடு உள்ள வருதா?"

அம்மாடி, அகோரத்துக்கு இரண்டு ஆடும் ஒரு குட்டியும் உண்டு.

உடனே எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பிவிட்டது. விடியற்காலையில் ஆட்டை அவிழ்த்துவிட்டுப் புது அருகம்புல்லை மேயவிடுகிறான் என்று பேச்சாகிவிட்டது. அவன் சத்தியம் பண்ணுகிறான், யார் கேட்கிறார்கள்? செக்ரட்டரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அகோரம் வாசல் ஓரமாக நிற்கிறான், துண்டு கக்கத்தில்.

"நீங்க விடிகாலையிலயே வந்துடுறீங்க. ஆடு உள்ள வந்து பாத்திருக்கீங்களா? உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது. "ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல சார். அஞ்சு மணிலேர்ந்து அந்தப் புல்லு பக்கத்துலயேதான் சார் இருக்கேன்."

"வேற யாரையாவது பாத்தீங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல சார். நான் மட்டும்தான்."

 அவர், "நீங்க ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷி. இவனக் காப்பாத்தணும்னு சொல்றீங்க" என்றார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். நல்லவர்கள் உண்மை சொன்னாலும் இரக்கப்பட்டுச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள், என்ன செய்வது? ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேனைப் போட்டார், ஆடு வருகிறதா என்று பார்க்க. பாவம், பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காலையில் என் தலையைக் கண்டதும், "வந்துட்டீங்களாம்மா, இனி எனக்குக் கவலையில்ல" என்று டீ குடிக்கப் போய்விடுவான்.

வெளியே வந்து அகோரம் அழுதான் அம்மாடி. நாற்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை. "வேல போனாலும் பரவால்லக்கா, குவார்ட்டர்ஸ் போச்சுன்னா செண்பகத்தக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? ஊர்ல குடிசகூட இல்ல" என்றான்.

என்னால் தாங்க முடியவில்லை. கார்த்திகை பிறந்து விநாயகர் சஷ்டி நோன்பும் வந்தது, இருபத்தொரு நாள். ஒரு வேளைச் சாப்பாடு. தினமும் ஆயிரத்தெட்டு அருகம்புல், அகோரத்தின் பேரில், நட்சத்திரம் கேட்டு, சங்கல்பம் செய்து. ஆயிரத்தெட்டு என்றால் விளையாட்டா? குளிரில் விரல் மரத்துப்போகும். இருபத்தொன்று இருபத்தொன்றாக எண்ணிக் கட்டு வைப்பேன், நாற்பத்தெட்டுக் கட்டு. கயிற்றின் ஒரு பக்கம் எட்டவில்லை, அப்புறம் நாலு பக்கமும் நகர்ந்து நகர்ந்து பறித்தேன். முட்டி இரண்டும் காய்த்துவிட்டது, பார். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

நோன்பு முடிகிறபோது அந்த இடம் நம் வீட்டுக் களத்து மண் மாதிரி ஆகிவிட்டது. ஒரு துளிர் இல்லை.

அந்த வாரம்தான் இரண்டு காரியம் நடந்தது. செக்ரட்டரி கத்திவிட்டார், ஆடு இருந்தால் நீ இருக்காதே என்று. அகோரம் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டான். மறுநாளே எனக்கு மகளிடமிருந்து ஃபோன், வலி எடுத்துவிட்டது, வா என்று. கிளம்புகிற அவசரத்தில் பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். "அப்பா, நான் ஊரில் இருக்கமாட்டேன், பூஜை நின்றுபோகும், அதற்காகக் கைவிட்டுவிடாதே. நான் இல்லாத குறையை நீயே பார்த்துக்கொள். அந்த இடத்தில் புல் வந்து, அகோரம் தலை நிமிர்ந்தால், திரும்பி வந்ததும் பத்தாயிரத்தெட்டு அருகம்புல் சாத்துகிறேன். அதே இடத்துப் புல், அந்த இடம் கொடுத்ததை அந்த இடத்திலிருந்தே" என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நம்ப மாட்டாய். ஐந்தாவது நாள் அகோரத்திடமிருந்து ஃபோன். "அக்கா, துளிர் தெரியுது." பத்தாவது நாள், "அக்கா, மண்ணு மறைஞ்சுபோச்சு." பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை வெட்டி ரோலர்கூட ஓட்டிவிட்டார்களாம். பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருக்கிறதாம். எனக்குக் கையில் குழந்தை, கண்ணில் தண்ணீர். குழந்தை பிறந்த வேளைதான் புல்லும் பிறந்தது என்றாள் மகள். அது ஒரு காரணம், ஆனால் அதுவே முழுக்காரணம் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் பார், நான் பக்கத்தில் இருந்து மாடாக உழைத்தபோது சும்மா இருந்தார். நான் கையை எடுத்த நிமிஷம் செய்து காட்டுகிறார். எல்லாம் உன்னால் என்று நினைக்காதே தையல்நாயகி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

கிளப்பில் யாருக்கு இது புரிகிறது? ஆடு போயிற்று, புல் வந்தது என்கிறார்கள். செக்ரட்டரி அகோரத்தை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, "பாத்தியா, இப்ப என்ன சொல்ற? போட்டி முடியிற வரைக்கும் அந்த எடத்துல ஒரு புல்லு கொறஞ்சாலும் அன்னிக்கே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டாராம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். பட்டம்மா மட்டும் அவனிடம், "அக்கா எப்ப வர்றாங்க?" என்று மூன்று தடவை கேட்டாளாம். என்னதான் இருந்தாலும் என் மேல் பாசம் அவளுக்கு.

இன்னொன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். நீ கிளப் பக்கம் வரப்போவதில்லை. ஆட்டை விற்றானே, அந்தக் குட்டியை விற்கவில்லை. செண்பகம் கட்டிப்பிடித்துக்கொண்டு சோறு தின்னமாட்டேன் என்றிருக்கிறாள். மோட்டார் ரூமுக்குள் மறைத்து வைத்து வளர்க்கிறார்கள். செவலைக் குட்டி, சத்தம் போடாது. "யாரு கண்ணுலயும் படாம இருக்கணும்னு வேண்டிக்குங்கக்கா" என்று அவன் கேட்டான், அப்போதே வேண்டிக்கொண்டேன். இப்போது ஒரு புல் குறைந்தால் நேரே குவார்ட்டர்ஸில்தானே தேடுவார்கள்? குட்டி அகப்பட்டால் அவ்வளவுதான், எந்தச் சாமி வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது.

அதனால்தான் இந்த வேண்டுதலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. போட்டி முடிந்து செய்யேன் அம்மா, என்ன அவசரம் என்றாள் மகள். கேட்டபடி கொடுத்துவிட்டார், வாங்கிக்கொண்டு நாள் கடத்தினால் அவருக்கு என்ன தோன்றும்? வியாழன் சதுர்த்தி, வெள்ளி போட்டி. வியாழன் விடிவதற்குள் பத்தாயிரத்தெட்டும் பறித்துவிட வேண்டும். எனக்கு அகோரத்தின் வயிற்றுப்பாடு முக்கியம்.

இது எந்த ஊர், முத்தரசநல்லூரா? அப்படியானால் வந்துவிட்டோம். இரு, ஃபோன் அடிக்கிறது. அவன்தான்.

சொல்லு தம்பி... ஆமாம், பஸ்ல வந்துக்கிட்டே இருக்கேன்... நல்லா இருக்கான், பால் நல்லா குடிக்கிறான்... அப்படியா... அடடா... சரி, சரி. ஒருத்தரையும் விடாத. புதன்கிழம ராத்திரி நான் வர்ற வரைக்கும் நீ அங்கயே இரு. நான் வந்துட்டா நீ வீட்டுக்குப் போய்க் கண்ணசந்துக்க. நான் பாத்துக்கிறேன்.

பார்த்தாயா அம்மாடி. வாட்ச்மேனை நம்பாமல் அவனே கயிற்றுப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறானாம். மறுபடி நாலு பக்கமும் புதுக் கயிறு கட்டியிருக்கிறானாம். ஒரு காலும் படவில்லை, ஒரு நுனியும் மடங்கவில்லை, நீங்கள் வந்து பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும் அக்கா என்கிறான். என் வேண்டுதலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, செய்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். தெரியாமலே எனக்காகக் காவல் காக்கிறான், பாவம்.

நீ எழுந்துகொள்ளாதே, நானே இறங்கிக்கொள்வேன். அந்தக் கூடை இரண்டையும் மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடு.

உன் பெயர் என்னவென்று கேட்கவே இல்லையே. சொல்லு. உனக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி பறித்து வைக்கிறேன்.